அத்தியாயம் 7: புது ஸ்கிம்மர் பழகும் காலம்

தொட்டியில் உப்புநீர் நிரப்பி, பாறை அடுக்கி, ஸ்கிம்மரின் பம்ப்பை முதன்முதலாக ஓடவிடும் நாளில் பெரும்பாலும் இரண்டில் ஒன்று நடக்கும். கோப்பை சில நிமிடங்களில் தெளிந்த நீரால் நிரம்பி வழியும். அல்லது கழுத்தில் நுரையே ஏறாமல் நாள்கணக்கில் கோப்பை காய்ந்து கிடக்கும். வாங்கியவர் பதறிப்போய் வால்வைத் திருகுவார். ஒரு மணி நேரம் கழித்து மறுபடி திருகுவார். படுக்கப் போகும் முன் இன்னொரு முறை. இப்படித் திருகப்படும் ஸ்கிம்மர் மாதக்கணக்கானாலும் ஒரு நிலைக்கு வராது; எந்தத் திருப்பத்தால் என்ன நடந்தது என்பது அவருக்கே தெரியாமல் போய்விடுகிறது.

மேலே சொன்ன இரண்டு நிலைகளும் புதுக் கருவிக்கு இயல்பானவை. இந்த அத்தியாயத்தில் நான் வலியுறுத்துவது ஒரே வரிசைமுறையை: முதலில் சம்ப்பின் நீர்மட்டத்தை அசையாமல் நிறுத்துங்கள், பிறகு கருவியைச் சில நாட்கள் சும்மா விடுங்கள், அதன் பின்பே வால்வைத் தொடுங்கள்.

நுரை எதை எடுக்கிறது, எதை விடுகிறது

மீனின் கழிவு, தின்னாமல் விட்ட தீனி, பாசியும் பவளமும் வெளிவிடும் சளி ஆகியவற்றிலிருந்து கரையும் கரிமப் பொருள்களில் பலவற்றுக்கு ஒரு முனை நீரை நாடும், மறுமுனை நீரிலிருந்து விலகும். நீரும் காற்றும் சந்திக்கும் பரப்பு கிடைத்தால் இவை அங்கே போய் ஒட்டிக்கொள்ளும். ஸ்கிம்மர் செய்வதெல்லாம் அந்தப் பரப்பைக் கோடிக்கணக்கான நுண்குமிழிகளாகப் பெருக்கிக் கொடுப்பதுதான். ஊசிச் சக்கர இம்பெல்லர் காற்றை உள்ளிழுத்து நொறுக்குகிறது. குமிழிகள் உடற்பகுதியில் நீரோடு சுழன்று, மேலேறும்போது அழுக்கைச் சுமந்து, கழுத்தில் நுரையாகத் திரண்டு கோப்பையில் விழுகின்றன.

இது கடல் தானாகவே செய்யும் வேலை. அலை உடையும் கரையில் ஒதுங்கும் நுரையும் இதே வகைதான். 2019 டிசம்பர் தொடக்கத்தில், பெருமழைக்குப் பிறகு மெரினா கரையில் முழங்காலைத் தொடுமளவுக்கு வெண்ணுரை திரண்டதைப் பலர் பார்த்திருப்பீர்கள். நகரத்துக் கழிவு கடலில் சேர்ந்ததன் அடையாளம் அது. நன்னீரில் குமிழிகள் ஒன்றோடொன்று எளிதில் இணைந்து பெரிதாகி உடைந்துவிடும். உப்புநீரில் அந்த இணைப்பு தடைபடுவதால் அவை சிறிதாகவே நிற்கின்றன. உப்பளவு 35 பிபிடி, அதாவது ஒப்படர்த்தி 1.026-ஐ ஒட்டி இருக்கும்போது ஸ்கிம்மர் நன்றாக ஓடும். நோய் சிகிச்சைக்காக உப்பை 1.009 வரை இறக்கினால் நுரை அடங்கிவிடும். அப்போது கருவியைக் குறை சொல்ல வேண்டாம்.

ஸ்கிம்மரால் எவ்வளவு முடியும் என்பதையும் முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக வேதியியலாளர் கென் ஃபெல்ட்மன் தம் மாணவர்களோடு 2009-இலும் அடுத்த ஆண்டிலும் வெளியிட்ட அளவீடுகளில், ஸ்கிம்மர்கள் நீரிலுள்ள மொத்தக் கரிமக் கார்பனில் ஏறக்குறைய 20 முதல் 35 சதவீதத்தைத்தான் வெளியேற்றின. நுரையில் ஒட்டாத மீதி நீரிலேயே தங்கிவிடுகிறது. அமோனியா, நைட்ரேட் இரண்டையும் ஸ்கிம்மர் நேரடியாக எடுக்காது. அவையாகச் சிதையவிருக்கும் பொருளில் ஒரு பங்கை முன்கூட்டியே எடுத்துவிடுகிறது. அந்த ஒரு பங்கே பெரிய உதவி. கூடவே நீருக்கு ஆக்ஸிஜனும் கிடைக்கிறது. நம் ஊர் வெப்பத்தில் நீரில் கரையும் ஆக்ஸிஜன் குறைவு என்பதால், நுரை ஏறாத நாட்களிலும் ஸ்கிம்மரை ஓடவிடுவதையே நான் விரும்புவேன்.

ஏன் உடனே வேலை செய்வதில்லை

இரண்டு காரணங்கள் சேர்ந்து வருகின்றன. முதலாவது கருவியின் உட்சுவர். அச்சில் வார்த்த பிளாஸ்டிக் பாகங்களில் அச்சு கழற்றுவதற்குப் பூசிய எண்ணெய்ப் பசை மிச்சம் இருக்கும். ஒட்டுப்பசையின் எச்சமும், கையாண்டவர்களின் விரல் எண்ணெயும் இருக்கும். எண்ணெயின் நுண்துளி நுரைப்படலத்தை உடைக்கக்கூடியது. கழுத்து வரை வந்த நுரை மேலே ஏறாமல் சுவரோரம் சரிவது இதனால்தான். நாட்கள் போகப் போக எண்ணெய் கழன்று, சுவர் முழுவதும் கண்ணுக்குத் தெரியாத உயிர்ப்படலம் ஒன்று படியும். அதன் பிறகு நுரை நிலையாக நிற்கும். சில கருவிகளுக்குச் சில நாட்கள் போதும். சிலவற்றுக்கு மூன்று, நான்கு வாரங்கள் ஆகும்.

இரண்டாவது காரணம் தொட்டி. புதுத் தொட்டியில் எடுப்பதற்கு அழுக்கே இல்லை. மன்னார் வளைகுடாவில் பவளம் எடுப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அந்தக் கடலின் நிலையைப் பார்த்தவர்கள் சட்டம் இல்லாவிட்டாலும் அதில் கை வைக்கமாட்டார்கள். எனவே இந்நூலைப் படிக்கும் பெரும்பாலோர் செயற்கைப் பாறையிலோ காய்ந்த பாறையிலோ தொடங்கியிருப்பீர்கள். நன்கு சுத்தம் செய்த பாறை, வெறும் மணல், இன்னும் மீன் விடாத நீர் என்றால் கோப்பை காய்ந்திருப்பதே நியாயம். "பிற்காலத்தில் மீன் கூடும்" என்று தேவைக்கு மிஞ்சிய பெரிய ஸ்கிம்மரை வாங்கியவர்களுக்கு இந்தக் காத்திருப்பு இன்னும் நீளும். அகன்ற கழுத்தில் நுரையை மேலே தள்ள அதிக அழுக்கு வேண்டும். இரண்டு கோமாளி மீன்களின் கழிவு அதற்குப் போதாது. பெட்டியில் அச்சிட்ட அதிகபட்ச லிட்டர் அளவை வைத்து முடிவெடுக்காமல், முதல் ஆண்டில் எத்தனை மீன் இருக்கும் என்று கணக்கிட்டு வாங்குங்கள்.

தொட்டியில் வைப்பதற்கு முன்

கருவியைப் பிரித்து, பாகங்களை வெதுவெதுப்பான நீரில் அலசுங்கள். சோப்பும் பாத்திரத் தூளும் அருகிலேயே வரக்கூடாது. பிறகு ஒரு பெரிய வாளியில் ஒரு பங்கு வெள்ளை வினிகருக்கு நான்கு பங்கு தண்ணீர் கலந்து, அதில் ஸ்கிம்மரைச் சில மணி நேரம் ஓடவிடுங்கள். எண்ணெய்ப் பசையில் ஒரு பகுதி கழன்றுவிடும். எங்காவது கசிகிறதா, பம்ப் வழக்கத்துக்கு மாறாக இரைகிறதா என்பதும் சம்ப்புக்குள் போகும் முன்பே தெரிந்துவிடும். கடைசியில் நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசினால் போதும்.

அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்த 110 வோல்ட் ஸ்கிம்மர் என்றால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். டிரான்ஸ்ஃபார்மர் மின்னழுத்தத்தை மாற்றும், அதிர்வெண்ணை மாற்றாது. அங்கே 60 ஹெர்ட்ஸில் நிமிடத்துக்கு 3600 சுற்று ஓடிய ஏசி பம்ப் இங்கே 50 ஹெர்ட்ஸில் 3000 சுற்றுதான் ஓடும். உறிஞ்சும் காற்றும் குறையும். எவ்வளவு திருகினாலும் பெட்டியில் சொன்ன நுரை வராது. டிசி பம்ப் கொண்ட மாதிரிகளுக்கு இந்தச் சிக்கல் இல்லை.

நீர்மட்டம்

ஸ்கிம்மர் பற்றி என்னிடம் வரும் முறையீடுகளில் பெரும்பாலானவை விசாரித்துப் பார்த்தால் நீர்மட்டம் பற்றியவையாகத்தான் முடியும். ஆகவே இங்கே சற்று நின்று பேசுகிறேன்.

சம்ப்புக்குள் நிற்கும் ஸ்கிம்மரில், வெளியே நீர் ஏறினால் உள்ளேயும் ஏறும். வெளிக்குழாய் வழியே நீர் வெளியேறுவதற்கு எதிரான அழுத்தம் கூடுவதே காரணம். அதோடு பம்ப் ஆழத்தில் இருக்க இருக்க, காற்றை இழுப்பதும் அதற்குக் கடினமாகிறது. ஆக, வெளியே ஏறும் ஒரு சென்டிமீட்டர் உள்ளே இரண்டு வேலை செய்கிறது: நீர்க்கோட்டை உயர்த்துகிறது, காற்றைக் குறைக்கிறது. வால்வைத் தொடாமலேயே கோப்பையில் வெறும் நீர் விழ இவ்வளவு போதும். ஒவ்வொரு மாதிரிக்கும் தயாரிப்பாளர் ஓர் ஆழம் சொல்லியிருப்பார். பல மாதிரிகளில் அது 15 முதல் 25 சென்டிமீட்டருக்குள் இருக்கும். அந்தக் குறிப்பை முதலில் படியுங்கள். சம்ப்பில் நீர் அதிக ஆழமாக இருந்தால் கருவிக்கு அடியில் அக்ரிலிக் பலகையிலோ பிவிசி குழாய்த் துண்டுகளிலோ ஒரு மேடை அமைத்து உயர்த்துங்கள். மேடை ஆடக்கூடாது, ஆடினால் பம்ப்பின் அதிர்வு வீடு முழுவதும் கேட்கும்.

அடுத்தது, எந்த அறையில் வைப்பது? தடுப்புக் கண்ணாடிகள் உள்ள சம்ப்பில் ஆவியாதலால் மட்டம் இறங்குவது ரிட்டர்ன் பம்ப் இருக்கும் கடைசி அறையில் மட்டும்தான். அதற்கு முந்தைய அறைகளில் நீர் தடுப்பின் உயரத்திலேயே நிற்கும். ஸ்கிம்மர் அங்கேதான் இருக்க வேண்டும். இடம் போதவில்லை என்று கடைசி அறையில் வைத்தால், பகலெல்லாம் நீர் ஆவியாகி நுரை இறங்கும்; மாலையில் நீங்கள் நன்னீர் ஊற்றியதும் கோப்பை வழியும். மின்விசிறி வைத்துத் தொட்டியைக் குளிர்விக்கும் வீடுகளில், சித்திரை வெயிலில், இந்த ஏற்ற இறக்கம் மிக அதிகம். தடுப்பே இல்லாத சம்ப் என்றால் ஆட்டோ டாப்-ஆஃப் பொருத்தாமல் ஸ்கிம்மரைச் சீர்செய்ய முயலாதீர்கள். ரிட்டர்ன் பம்ப்பின் வேகத்தையும் முன்கூட்டியே முடிவு செய்து அப்படியே விடுங்கள். அதை மாற்றினாலும் மட்டம் சற்று மாறும்.

மட்டம் நிலைத்ததும் சம்ப் கண்ணாடியில் வெளிப்பக்கமாக ஒரு மார்க்கர் கோடு போட்டு வையுங்கள். பின்னால் எந்தக் குழப்பம் வந்தாலும் முதலில் பார்க்க வேண்டியது அந்தக் கோட்டைத்தான்.

முதல் வாரங்கள்

வெளிக்குழாயின் வால்வை முழுவதும் திறந்துவிடுங்கள். காற்றுக் குழாயையும் முழுவதும் திறந்தே வையுங்கள். இந்த நிலையில் நீர்க்கோடு உடற்பகுதியிலேயே, கழுத்துக்குக் கீழே நிற்கும். அங்கேயே நிற்கட்டும். உட்சுவர் முழுவதும் நீரும் குமிழியும் படவேண்டும் என்பதுதான் இப்போதைய நோக்கம். கோப்பையில் ஏதாவது விழுகிறதா என்று தேட வேண்டாம். முழுவதும் திறந்த பிறகும் கோப்பை வழிந்தால் ஆழத்தைச் சரிபார்த்து, கருவியை ஒரு சென்டிமீட்டர் உயர்த்துங்கள். அப்போதும் அடங்காவிட்டால் கோப்பையின் வடிகுழாயைச் சம்ப்புக்குள்ளேயே விழும்படி விட்டுவிட்டு ஓரிரு நாட்கள் காத்திருங்கள். வழிவது பெரும்பாலும் தொட்டியில் புதிதாகச் சேர்ந்த ஏதோ ஒன்றால்தான்: முழுமையாக உலராத சிலிக்கோன், பாறை ஒட்டும் எபாக்ஸி, அல்லது மீனின் சளிப்படலத்தைக் காக்கும் என்று சொல்லி விற்கும் நீர்ச்சீரமைப்பு மருந்து. இந்த மூன்றாவதைக் கடல்நீர்த் தொட்டியில் ஊற்றவே தேவையில்லை.

தொட்டி முழுவதும் மூடுபனி போல நுண்குமிழிகள் பரவுவதும் இந்தக் கட்டத்தில் வரும். பார்க்க அச்சமாக இருந்தாலும் பெரும்பாலும் சில நாட்களில் குறைந்துவிடும். வெளிக்குழாயின் வாயில் பஞ்சு செருகி அடைப்பவர்கள் உண்டு. பஞ்சு அழுக்கேற அழுக்கேற வெளியோட்டம் தடைபட்டு உள்மட்டம் உயரும். நீங்கள் தொடாமலேயே வால்வு மூடப்படுவதற்குச் சமம் அது. பஞ்சைத் தடுப்புக் கண்ணாடிகளுக்கு இடையில், நீர் கடந்துபோகும் வழியில் வையுங்கள்.

பாக்டீரியா புட்டி ஊற்றித் தொட்டியைத் தயார்செய்பவர்கள் அதன் சீட்டில் சொன்ன காலம் வரை ஸ்கிம்மரை நிறுத்தலாம். பெரும்பாலும் ஓரிரு நாட்கள்தான். அந்த நேரத்தில் நீரின் மேற்பரப்பு அசைந்துகொண்டிருக்கும்படி ஒரு ஏர் பம்ப்போ வேவ்மேக்கரோ ஓட வேண்டும்.

வால்வைத் திருப்புதல்

உடற்பகுதியின் மேற்பாகத்தில் நுரை அடர்ந்து, நாளுக்கு நாள் ஒரே உயரத்தில் நிற்கத் தொடங்குவதும், கழுத்தின் உட்சுவரில் பழுப்புப் படலம் தெரிவதும் கருவி பழகிவிட்டதற்கு அடையாளம். இப்போது வெளிக்குழாயின் வால்வைச் சிறிதளவு மூடுங்கள். கேட் வால்வு என்றால் கால் சுற்று போதும். சுழற்றும் குழாய் வகை என்றால் சில மில்லிமீட்டர். நீர்க்கோடு உயரும். உடலும் கழுத்தும் சேரும் இடத்துக்கு வந்ததும் கையை எடுத்துவிடுங்கள். அடுத்த திருப்பம் மறுநாள்தான். அழுக்கு ஒரே சீராக வருவதில்லை. தீனி போட்ட பிறகும் இரவிலும் நுரையின் போக்கு வேறு வேறு. முழு நாள் பார்த்தால்தான் அந்தத் திருப்பத்தின் உண்மையான விளைவு தெரியும். காற்றைத் திருகிச் சரிசெய்ய முயல வேண்டாம். தயாரிப்பாளர் குறிப்பாகச் சொல்லாதவரை காற்று முழுவதும் திறந்திருப்பதே நல்லது.

நீர்க்கோடு உயர உயரக் கோப்பையில் விழுவது நீர்த்துப்போய் வெளிர் தேநீர் நிறத்தில் நிறையச் சேரும். இறக்கினால் கருத்து, கெட்டியாக, கடும் நாற்றத்தோடு சிறிதளவே சேரும். கருத்த கழிவைப் பார்த்துப் பெருமைப்படுபவர்கள் அதிகம். ஆனால் மிகக் காய்ந்த நுரையில் பெரும்பகுதி அழுக்கு கழுத்திலேயே ஒட்டிக்கொண்டோ நீருக்குத் திரும்பியோ போய்விடுகிறது. சற்று நீர்த்த பக்கம் ஓட்டினால் மொத்தத்தில் அதிக அழுக்கு வெளியேறும் என்பது என் அனுபவம். இரண்டுக்கும் நடுவில், அடர் தேநீர் நிறத்தில், இரண்டு மூன்று நாட்களுக்கு ஒரு கோப்பை சேரும்படி வைப்பது பெரும்பாலான வீட்டுத் தொட்டிகளுக்குப் பொருந்தும்.

நீர்க்க ஓட்டுபவர்கள் உப்புக் கணக்கை மறக்கக்கூடாது. கோப்பைக்குப் போவது உப்புநீர். ஆட்டோ டாப்-ஆஃப் அதன் இடத்தில் ஊற்றுவது நன்னீர். 200 லிட்டர் தொட்டியில் நாளுக்கு ஒரு லிட்டர் இப்படிப் போனால் அன்றாடம் அரை சதவீத உப்பு குறையும். பத்து நாளில் 35 பிபிடி ஏறக்குறைய 33.3-க்கு இறங்கிவிடும். கொட்டும் அளவுக்கு உப்புநீர் சேருங்கள். வாரம் ஒருமுறை ரிஃப்ராக்டோமீட்டரில் பாருங்கள்.

திடீரென நுரை அடங்கினால்

நேற்று வரை ஒழுங்காக ஓடியது இன்று நுரையே இல்லை என்றால், கடைசியாகத் தொட்டிக்குள் என்ன போனது என்று யோசியுங்கள். பாறையைச் சரிசெய்யக் கையை முழங்கை வரை விட்டாலே தோலின் எண்ணெய் நுரையைச் சில மணி நேரம் அடக்கிவிடும். உறையவைத்த தீனியை அலசாமல் கொட்டினாலும், எண்ணெய் மிகுந்த தீனி போட்டாலும் அப்படியே. எதையும் திருகாமல் மறுநாள் வரை விட்டால் தானாகவே திரும்பும். அதற்குள் பொறுமையிழந்து வால்வை மூடினால், எண்ணெய் கரைந்து நுரை மீளும் இரவில் கோப்பை பொங்கி வழியும். இரண்டு நாள் கடந்தும் திரும்பாவிட்டால் காற்றுக் குழாயைப் பாருங்கள். சைலன்சரின் வாயிலும், பம்ப்போடு குழாய் சேரும் இடத்திலும் உப்பு படிந்து அடைத்திருக்கும். வெந்நீரை அந்தக் குழாய் வழியே உறிஞ்சவிட்டால் கரைந்துவிடும்.

சுத்தம் செய்வதில் கழுத்தும் உடலும் வேறு வேறு. கழுத்தில் படியும் கொழகொழப்பு நுரையை உடைப்பதால் இரண்டு மூன்று நாளுக்கொரு முறை கோப்பையைக் கழற்றித் துடைக்க வேண்டும். உடற்பகுதியின் உட்சுவரை அப்படித் தேய்க்காதீர்கள். வாரக்கணக்கில் காத்திருந்து பெற்ற படலம் அங்கேதான் இருக்கிறது. பம்ப்பையும் இம்பெல்லரையும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வினிகர் நீரில் ஊறவைத்துக் கழுவுங்கள். சுண்ணாம்பு படிந்த இம்பெல்லர் ஓடிக்கொண்டிருக்கும்வரை ஓடும். ஒரு மின்வெட்டுக்குப் பிறகு மீண்டும் சுழலாது.

மின்வெட்டும் வெளியூர்ப் பயணமும்

மின்சாரம் போனதும் மேல்தொட்டியின் நீர் சம்ப்புக்கு இறங்கி மட்டம் உயர்ந்துவிடும். மின்சாரம் வந்ததும் ஸ்கிம்மரும் ரிட்டர்ன் பம்ப்பும் ஒரே நொடியில் தொடங்கும். மட்டம் இறங்கும் முன்பே ஸ்கிம்மர் ஓடுவதால் கோப்பை நீரால் நிரம்பும். ஸ்கிம்மர் சில நிமிடம் தாமதமாகத் தொடங்கினால் இது நேராது. அதற்கென விலை உயர்ந்த கன்ட்ரோலர் வாங்க வேண்டியதில்லை. குளிர்சாதனப் பெட்டிக்கு வைக்கும் ஸ்டெபிலைசர்களில் டைம் டிலே உள்ளவை மின்சாரம் வந்து சில நிமிடம் கழித்தே வெளியே விடும். ஸ்கிம்மரை மட்டும் அதில் செருகுங்கள்.

ஊருக்குப் போகும்போது கோப்பை நிரம்பிவிடுமே என்று வடிகுழாயைத் தரையில் வைத்த பெரிய கேனுக்கு விடுபவர்கள் உண்டு. நீங்கள் இல்லாத நேரத்தில் நுரை பொங்கினால் சம்ப்பின் உப்புநீர் முழுவதும் கேனுக்கும் தரைக்கும் போகும். ஆட்டோ டாப்-ஆஃப் அந்த இடத்தை நன்னீரால் நிரப்பிக்கொண்டே இருக்கும். தொட்டியின் உப்பளவு ஒரே இரவில் சரியும். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பே வால்வைச் சற்றுத் திறந்து நீர்க்கோட்டை இறக்குங்கள். கிளம்பும் நாளில் கோப்பையைக் கழுவிப் பொருத்தி, வடிகுழாயை மூடிவிடுங்கள். கோப்பை வழிந்தாலும் நீர் சம்ப்புக்குள்ளேயே விழும்படி கருவி நிற்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். திரும்பி வந்து வால்வைப் பழைய இடத்துக்குக் கொண்டுவர, அதன் மேல் முன்பே ஒரு மார்க்கர் புள்ளி வைத்திருந்தால் எளிது.